தாய்வழி வசவு ஒழிப்புக் குழு

மனித குலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதற்குப் பிறகு நெடுங்காலம் உருப்படியாக எதையும் செய்யாமல் காலத்தைக் கடத்திவிட்டு, கடைசியில் தைவானின் தைனான் நகரத்தில் எங்கள் பல்கலைக்கழகத்தின் 'பாலினச் சமத்துவ மாண்புக் குழு'வைக் கண்டுபிடித்தது. இனிமேல் கண்டுபிடிக்க ஒன்றும் பாக்கியில்லை என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

நான் அந்தக் குழுவின் எழுத்தர். பெயர் ஷென் பி-யூ. கூட்டத்தில் யார் என்ன பேசினார்கள் என்று குறித்துக்கொள்வது, டீ ஊற்றுவது, ஏசியைக் கூட்டிக் குறைப்பது ஆகிய மூன்று துறைகளும் என் பொறுப்பில் இருந்தன. எங்கள் கூட்ட அறை ஐந்தாவது மாடியில் இருக்கிறது. எண்ணிப் பார்த்தால் அது நான்காவது மாடிதான். எங்கள் மொழியில் நான்கும் சாவும் ஒரே மாதிரி ஒலிக்கும் என்பதால் மூன்றுக்கு அடுத்து ஐந்து என்று எழுதிவைத்திருக்கிறார்கள். விஞ்ஞான மனப்பான்மைக்குப் பேர்போன கட்டடம்.

குழுவின் தலைவர் டீன் வெய் குவோ-சியாங். கான்கிரீட்டில் நிபுணர். பெண்களைப் பற்றியும் அதே உறுதியோடு பேசுவார். குழுவில் பாதிக்கு மேல் பெண்கள் இருக்க வேண்டும் என்பது விதி. விதியை மதிப்பதில் டீனை மிஞ்ச ஆள் கிடையாது. பல்கலைக்கழகத்தில் இருந்த நல்ல நல்ல பேராசிரியைகளாகப் பார்த்து உறுப்பினர் ஆக்கினார். பிறகு அவர்கள் எல்லாருக்கும் வகுப்பு இருக்கிற வியாழக்கிழமை மதியமாகப் பார்த்துக் கூட்டத்தை வைத்தார். ஆகவே எப்போதும் வருகிறவர்கள் மூன்று பேர்: டீன், பழைய இலக்கியம் நடத்தும் பேராசிரியர் துங், பேஸ்பால் பயிற்சியாளர் ஹோவ். ஒரு பெண்ணாவது அறையில் இருந்தால்தான் தீர்மானம் செல்லும் என்று இன்னொரு விதி இருந்தது. அந்தப் பெண் நான்.

"பாப்பா, டீ!" என்பார் டீன். அவரைவிட நான் இரண்டு வயது மூத்தவள். எனக்குப் பள்ளிக்கூடம் போகிற மகள் இருக்கிறாள். இருந்தாலும் பாப்பா என்று கூப்பிடுவதில் ஒரு வாஞ்சை இருக்கத்தான் செய்கிறது. டீயிலும் அதே வாஞ்சையைக் கலந்து கொடுத்தேன்.

இப்பேர்ப்பட்ட குழுவுக்கு ஒரு நல்ல வழக்கு வராதா என்று நாங்கள் ஏங்கிக்கொண்டிருந்தபோதுதான், ஜுவாங் ரூ-யுன் எங்களுக்குக் கிடைத்தாள்.

ரூ-யுன் பெண்கள் கயிறு இழுக்கும் அணியில் கடைசி ஆள். கயிற்றை உடம்பில் சுற்றிக்கொண்டு மண்ணில் குதிகாலை ஊன்றினாள் என்றால், எதிர் அணி என்ன, எதிர் கட்டடத்தையே இழுத்துவிடுவாள். அவளுக்கு இன்னொரு பொதுச்சேவையும் உண்டு. எங்கள் ஊரில் பேய்களுக்குக் கெட்ட வார்த்தை ஆகாது. காதில் விழுந்தால் ஓடிவிடும். அதனால் பெண்கள் விடுதியில் குளியலறைப் பக்கம் ஏதாவது சத்தம் கேட்டால் பிள்ளைகள் ரூ-யுன்னைத்தான் கூப்பிடுவார்கள். அவள் போய் இடுப்பில் கைவைத்து நின்று அந்த மூன்று சொல்லை ஒரு தடவை கத்திவிட்டு வருவாள். அதற்குப் பிறகு எல்லாரும் நிம்மதியாகக் குளிப்பார்கள்.

அந்த மூன்று சொல் எது என்று கேட்காதீர்கள். இந்தத் தீவில் எல்லாருக்கும் தெரியும். உங்கள் ஊரிலும் அதற்கு ஓர் ஒன்றுவிட்ட தம்பி நிச்சயம் இருப்பான். முதல் சொல் ஒரு வேலையைக் குறிக்கும். இரண்டாவது சொல் 'உன்'. மூன்றாவது சொல் 'அம்மா'.

ஒருநாள் ரூ-யுன் மைதானத்து ஓரமாகக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். பேஸ்பால் அணித் தலைவன் யென் பாய்-ஹாவ் அடித்த பந்து பறந்து வந்து அவள் தோளில் விழுந்தது. வலியில் அவள் மூன்று சொல்லையும் கத்தினாள். பதறிப்போன யென்னும் அதே நொடியில் அதே மூன்று சொல்லைக் கத்தினான். மேலே ஜன்னலோரம் நின்று டீ குடித்துக்கொண்டிருந்த டீன் வெய்யின் காதில் இரண்டும் விழுந்தன. ஆனால் ஒன்றுதான் உறைத்தது.

"ஒரு பொண்ணு வாயில இப்படியா!" என்று கோப்பையை வைத்தார். "இது தாய்மைக்கு நேர்ந்த அவமானம். பாப்பா, வழக்கை எழுது."

குற்றம் உறுதியானால் அவளுக்குப் பெரிய கறைப்புள்ளி. பெரிய கறைப்புள்ளி வாங்கினவர்கள் அணியில் இருக்க முடியாது. அவளோ கயிறு இழுத்துத்தான் எங்கள் பல்கலைக்கழகத்துக்குள் வந்தவள். அணி போனால் இடம் போகும், விடுதி போகும், வரப்போகிற தீவு அளவிலான போட்டியும் போகும். புகார் பதிவாகி இரண்டு மாதத்துக்குள் கைதூக்கி, கையெழுத்திட்டு முடிவு செய்யாவிட்டால் புகார் தானாகவே செத்துவிடும் என்று விதியில் இருந்தது. அவளுக்கு இருந்த ஒரே நம்பிக்கை அதுதான். ஆனால் எங்கள் குழு அவ்வளவு சோம்பேறிக் குழு இல்லை.

முதலில் விஞ்ஞானபூர்வமாக மாணவர் கருத்தைக் கேட்டோம். வார்த்தையைச் சொல்லாமல் வார்த்தையைப் பற்றிக் கேட்க வேண்டும் என்பதால், பேராசிரியர் துங் அதற்குத் 'தாய்வழி வசவு' என்று பெயர் சூட்டினார். கேட்பதற்கே ஏதோ அரச பரம்பரை மாதிரி இருந்தது.

"தாய்வழி வசவைக் கேட்டா உனக்கு என்ன தோணுது?" என்று பயிற்சியாளர் ஹோவ் ஒரு கணினித் துறைப் பையனைக் கேட்டார்.

"ஒண்ணும் தோணாது சார். அது கமா மாதிரி. மூச்சு வாங்கறதுக்குச் சொல்றது."

"அதுல அம்மா வர்றாங்களேப்பா?"

"அம்மாவா? எங்க?" பையன் உதட்டை அசைத்துப் பார்த்தான். "அட, ஆமா சார்!"

"சரி, உன்னப் பாத்து ஒருத்தன் சொன்னா?"

"பல்லக் கழட்டிருவேன். எங்கம்மாவப் பத்திப் பேச அவன் யாரு?"

"இப்பத்தான கமான்ன?"

"நான் சொன்னா கமா சார். அவன் சொன்னா அம்மா."

டீன் சிலிர்த்துப்போனார். தாயின் மேல் இவ்வளவு பாசமுள்ள தலைமுறையை அவர் பார்த்ததே இல்லையாம்.

"ஒரு பொண்ணு சொன்னா?" என்றார் ஹோவ்.

"பயமா இருக்கும் சார்."

"ஏன்?"

"நெஜமாவே சொல்ற மாதிரி இருக்கும்."

அடுத்து வந்தவள் ஒரு நர்சிங் மாணவி. "சொன்னா நெஞ்சு லேசாகுது சார்," என்றாள். "சொல்லிட்டு ஒரு தடவ சுத்திமுத்திப் பாத்துக்குவோம். கமா போடுற உரிமை எங்களுக்கு இல்லல்ல."

"ஆனா அது பெண்களை இழிவுபடுத்துற வார்த்தையாச்சேம்மா," என்றார் துங்.

"வேற எதைச் சொல்றது? ஆம்பளையத் திட்ட வார்த்தை எங்க சார் இருக்கு? ஒருத்தனத் திட்டணும்னா, வீட்டுல செவனேன்னு சமைச்சிட்டிருக்கிற அவங்கம்மாவ இழுத்துட்டு வரணும். பொண்ணுன்னா அந்தச் சுத்து வேணாம், நேரா அவளையே திட்டிரலாம்."

டீன் என் பக்கம் குனிந்தார். "இதைக் குறிக்காத பாப்பா. பேச்சு தலைப்ப விட்டு வெளிய போகுது."

நான் குறிக்கவில்லை. மனசில் மட்டும் வைத்துக்கொண்டேன். மனசுக்கு டீன் கையெழுத்துப் போட வேண்டியதில்லை.

அடுத்த வியாழக்கிழமை ரூ-யுன்னை விசாரித்தோம். தோளில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். நாற்காலி முனகியது.

"நான் பந்தைத்தான் சார் திட்டினேன்."

பேராசிரியர் துங் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "பந்துக்கு அம்மா உண்டா?"

"இல்லீங்க சார். அதான் யாருக்கும் நஷ்டம் இல்லையே."

"தாயில்லாத ஒண்ணப் பாத்து அப்படிச் சொல்லலாமா? அதுக்கு எவ்வளவு வலிக்கும்?"

துங்கின் கண்ணில் உண்மையாகவே ஈரம். ரூ-யுன் என்னைப் பார்த்தாள். நான் டீ கெட்டிலைப் பார்த்தேன்.

சாட்சியாக யென் வந்தான். வாசனையும் கூடவே வந்தது. அவன் அம்மா சந்தையில் பால்மீன் விற்கிறவள். காலையில் அவளுக்கு ஒத்தாசை செய்துவிட்டுத்தான் வகுப்புக்கு வருவான்.

"சார், நானும் அதே வார்த்தையத்தான் கத்துனேன். கறைப்புள்ளி குடுத்தா எனக்கும் குடுங்க, இல்லன்னா அவளுக்கும் வேணாம்," என்றான்.

"நீ சொன்னது வியப்புக்குறிப்பா," என்றார் ஹோவ் வாஞ்சையோடு. அடுத்த வாரம் அவருக்கு ஒரு முக்கியமான ஆட்டம் இருந்தது. "ஆட்ட உணர்ச்சியில வர்றது."

"அவளும் மைதானத்துலதான கோச் நின்னா?"

"அவ பொண்ணு. அந்த வார்த்தை பெண்களை அவமதிக்குது. ஒரு பொண்ணே பெண்களை அவமதிச்சா அது துரோகம். நீ அவமதிச்சா... அது வழக்கம்."

"பாதிக்கப்பட்டவங்க உங்கம்மா," என்றார் டீன். "பந்து அடிச்சது நீ, உன்னப் பெத்தது அவங்க. அவங்க மனசு என்ன பாடு பட்டிருக்கும்?"

யென் தலையைச் சொறிந்தான். "சொன்னேன் சார். விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அவங்க அதைச் சொல்லித்தான் தெனமும் என்னை எழுப்புறாங்க."

"எதை?"

"அந்த மூணு சொல்லத்தான்."

"உன்னப் பெத்த அம்மாவா?"

"ஆமா சார்."

"அப்ப அவங்க யாரத் திட்டுறாங்க?"

"அதை யோசிச்சா லேட்டாயிரும்னு எந்திரிச்சிருவேன் சார்."

அன்று கூட்டம் அத்தோடு ஒத்திவைக்கப்பட்டது. துங்குக்குத் தலை சுற்றியது. ஹோவ் காகிதத்தில் அம்மா, மகன், அம்மா என்று அம்புக்குறி போட்டுப் பார்த்துக்கொண்டே லிஃப்டில் இறங்கினார்.

ஆனால் எங்கள் குழு வெறுமனே தண்டிக்கிற குழு அல்ல, வழிகாட்டுகிற குழு. மாணவர்களுக்குத் திட்டாமல் இருக்க முடியாது என்பதைப் பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டு, பாலினப் பாகுபாடற்ற ஒரு மாற்று வசவை உருவாக்க டீன் முடிவு செய்தார். 'உன் அப்பாவை' என்று வைக்கலாம் என்றார் ஹோவ். டீன் முகம் சுளித்தார். அவர் ஒரு அப்பா. அப்பாவை அப்படியெல்லாம் பேசுவது நாகரிகமில்லை என்றார். கடைசியில் பல்கலைக்கழகச் சேர்க்கைப் படிவத்தைப் பார்த்து ஏகமனதாக ஒரு வசவு தயாரானது:

"உன் பெற்றோர் அல்லது சட்டப்படியான பாதுகாவலரை!"

பேஸ்பால் அணியிடம் கொடுத்துப் பரிசோதித்தார்கள். முதல் பந்தைத் தவறவிட்ட ஒருவன் விதிப்படி அதைச் சொல்ல ஆரம்பித்தான். 'பாதுகாவலரை' வருவதற்குள் இரண்டாவது பந்து அவன் காதோரமாகப் போய்விட்டது. அப்போது அவன் வாயில் வந்தது பழைய வசவுதான். பயிற்சியாளர் ஹோவ் வாயிலும் அதேதான் வந்தது. அதையும் குறிக்க வேண்டாம் என்றார்கள்.

இதற்குள் எங்கள் சந்திர நாட்காட்டியில் ஏழாம் மாதம் பிறந்துவிட்டது. எங்களுக்கு அது பேய்களின் மாதம். கீழுலகத்துக் கதவு திறந்து எல்லாரும் மேலே வந்து ஊர் சுற்றுவார்கள். எந்த அலுவலகமாக இருந்தாலும் வாசலில் மேசை போட்டு, பழம், பிஸ்கட், நூடுல்ஸ், அரிசி மது எல்லாம் வைத்து அவர்களை உபசரிக்க வேண்டும். பேய் என்று வாய்விட்டுச் சொல்லக் கூடாது. 'நல்ல அண்ணன்மாரே' என்றுதான் மரியாதையாகக் கூப்பிட வேண்டும். தாத்தா காலத்திலிருந்து அப்படித்தான்.

டீன் வெய் இதில் ஒரு பாகுபாட்டைக் கண்டுபிடித்தார். "செத்தவங்கள்ல பாதிப் பேர் பொம்பளைங்க. அவங்கள ஏன் அண்ணன்னு கூப்பிடறோம்?" என்று கேட்டுவிட்டு, மதிய வெயிலில் காலர் மைக் மாட்டிக்கொண்டு, எல்லா மாணவர்களுக்கும் முன்னால் ஊதுவத்தியைத் தூக்கிப் பிடித்துக் கணீரென்று அழைத்தார்:

"நல்ல அண்ணன்மாரே! நல்ல அக்காமாரே!"

ஊதுவத்திக் கிண்ணம் குப்பென்று தீப்பிடித்தது.

அப்படி மொத்தமாகப் பற்றிக்கொண்டால் அவர்களுக்கு ஏதோ சொல்ல இருக்கிறது என்று அர்த்தம். எல்லாரும் ஓரடி பின்னால் நகர்ந்தார்கள். பிறை வடிவ மரக்கட்டை இரண்டைத் தரையில் போட்டுக் கேட்க வேண்டியதுதான். ஒன்று குப்புறவும் ஒன்று மல்லாக்கவும் விழுந்தால் சம்மதம். டீன் முழங்காலிட்டுக் கேட்டார்: "எங்கள் குழுவின் பணி உங்களுக்குத் திருப்திதானா?" கட்டைகளைப் போட்டார். இரண்டும் மல்லாக்க விழுந்தன. அதற்குச் 'சிரிப்பு' என்று பெயர். கேள்வியைக் கேட்டு அவர்கள் சிரிக்கிறார்களாம்.

மறுபடி போட்டார். சிரிப்பு. இன்னொரு தடவை போட்டார். சிரிப்பு. இந்த முறை மாணவர்களும் சிரித்தார்கள்.

அந்த நேரம் பார்த்து ஒரு காற்று அடித்தது. வாசல் வளைவில் குழு கட்டியிருந்த 'தாய்மையைப் போற்றுவோம்' பேனர் ஒரு பக்கம் அவிழ்ந்து, பறந்து வந்து, பின்னாலிருந்து டீனின் தலையோடு தோளோடு சேர்த்து அணைத்துக்கொண்டது.

மைக் அணைக்கப்படவில்லை.

டீன் அந்த மூன்று சொல்லைச் சொன்னார். ஒரு முறை அல்ல. அம்மாவை முடித்துப் பாட்டிக்குப் போனார், பாட்டியை முடித்து அக்கா தங்கைகளைத் தொட்டு, பேய்களின் குடும்பத்தில் ஒரு பெண்ணைக்கூட விட்டுவைக்கவில்லை. ஆண்கள் ஒருவருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை. ஒலிபெருக்கி புதியது. எதிர்த் தெருவில் மாட்டிறைச்சி சூப் விற்கிறவர் அடுப்பை அணைத்துவிட்டு வந்து கேட்டார்.

பேனர் மட்டும் விடவில்லை. கடைசியில் ரூ-யுன்தான் முனையைப் பிடித்து, குதிகாலை ஊன்றி, ஒரே இழுப்பாக இழுத்து டீனை வெளியே எடுத்தாள். நன்றி என்று சொல்ல வாயெடுத்தவர், யாரென்று பார்த்ததும் மூடிக்கொண்டார்.

அடுத்த நாள் அவசரக் கூட்டம். ரூ-யுன்னுடைய வழக்குக்கு அதுதான் கடைசி நாள். மாலை அலுவலகம் மூடுவதற்குள் கைதூக்கிக் கையெழுத்தும் போட்டாக வேண்டும்.

முதலில் டீனின் வழக்கை எடுத்துக்கொண்டார்கள். டீன் தலைவர் நாற்காலியிலிருந்து எழுந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, தன் செயலுக்கு விளக்கம் கொடுத்தார். பிறகு மறுபடி தலைவர் நாற்காலிக்கு வந்து அந்த விளக்கம் திருப்தி அளிப்பதாகச் சொன்னார். டீன் சொன்னது வசவு அல்ல, 'பாரம்பரியப் பாதுகாப்புச் சடங்குச் சொல்' என்று பேராசிரியர் துங் முன்மொழிந்தார். மேலும், சம்பந்தப்பட்ட தாய்மார்கள் ஏற்கெனவே காலமாகிவிட்டதால் அவர்கள் குழுவின் வரம்புக்குள் வரவில்லை.

"நானும் ஹாஸ்டல்ல அதத்தான சார் பண்றேன்?" என்றாள் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்த ரூ-யுன்.

"உனக்கு அதுக்கு அதிகாரம் உண்டா?" என்றார் ஹோவ்.

அவள் குரல் இறங்கிவிட்டது. "சார், கறைப்புள்ளி மட்டும் வேணாம் சார். வேற என்ன வேணா குடுங்க. மைதானத்தக் கூட்டுறேன். கயிற விட்டா எனக்கு ஒண்ணும் தெரியாது சார்."

அவ்வளவு பெரிய உருவம் அந்த நாற்காலியில் சின்னப் பிள்ளை மாதிரி குறுகிப்போனது.

அப்போது என் போன் அடித்தது. மகளுடைய பள்ளிக்கூடம். பிள்ளைக்குக் காய்ச்சல், உடனே வந்து கூட்டிக்கொண்டு போங்கள் என்றார்கள். நான் எழுந்தேன். இத்தனை வருடத்தில் அந்த அறையில் நானாகப் பேசிய முதல் வாக்கியம்: "சார், என் பொண்ணுக்குக் காய்ச்சலாம். நான் போகணும்."

டீன் வருத்தத்தோடு என்னைப் பார்த்தார். "என்ன பாப்பா இது? தாய்மையோட மாண்பப் பத்தி முடிவெடுக்கப் போறோம். இப்பப் போயி பிள்ள குட்டின்னுட்டு! நீ போயிட்டா பெண்கள் பிரதிநிதித்துவம் என்னாறது? உக்காரு. டீ ஊத்து."

உட்கார்ந்தேன். டீ ஊற்றினேன்.

"ஜுவாங் ரூ-யுன்னுக்குப் பெரிய கறைப்புள்ளி. சம்மதிக்கிறவங்க கை தூக்குங்க," என்றார் டீன். ஹோவ் கை தூக்கினார். துங் கை தூக்கினார். டீன் தன் கையையும் தூக்கிக்கொண்டு எண்ணினார். "பெண்கள் தரப்புல..." என் கை கெட்டிலின் கைப்பிடியில் இருந்தது. கெட்டில் மேலே இருந்தது. "கை தூக்கியாச்சு. பெண்கள் ஏகமனதா ஆதரவு! பாப்பா, எழுது. எல்லாம் உங்கள மாதிரி அம்மாக்களுக்காகத்தான்."

நான் கெட்டிலைக் கீழே வைத்தேன். இடுப்பில் கையை வைத்தேன். அந்த மூன்று சொல்லையும், அடிவயிற்றிலிருந்து, மூன்றையும் தனித்தனியாக, எந்த மாற்று ஏற்பாடும் இல்லாமல், அந்த மேசையைப் பார்த்துச் சொன்னேன். கோப்பைகள் அதிர்ந்தன.

பேராசிரியர் துங் வெளிறிப்போனார். "குரலே மாறிடுச்சு! இது அவ இல்ல! ஏழாம் மாசம்யா, அவ மேல ஏதோ ஏறிருச்சு!"

ஹோவ் ஏற்கெனவே கதவருகில் இருந்தார். விளையாட்டு வீரர் இல்லையா. டீன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு, இல்லாத நான்காவது மாடியிலிருந்து படிக்கட்டு வழியாகவே இறங்கி ஓடினார். அவர் செருப்பு ஒன்று மட்டும் தலைவர் இடத்தில் இருந்தது.

ரூ-யுன் வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்த்தாள். "அக்கா... நெஜமாவே ஏதாவது ஏறிருச்சா?"

"பி.பி. ஏறியிருக்கும். உன்கிட்ட ஸ்கூட்டர் இருக்கா? பிள்ளையக் கூட்டிட்டு வரணும்."

போவதற்கு முன்னால் என் கடமையைச் செய்தேன். தீர்மானத்தில் கையெழுத்திடத் தலைவரும் உறுப்பினர்களும் அவையில் இல்லாததால் தீர்மானம் செல்லாது என்றும், இன்றோடு காலக்கெடு முடிவதால் புகார் காலாவதி என்றும் எழுதி, ஏசியை அணைத்தேன். அலுவலகம் மூடும்வரை ஒருவரும் திரும்பி வரவில்லையாம். அடுத்த மாதம் ரூ-யுன் போட்டியில் இழுத்த இழுப்பை, மகளும் நானும் பால்மீன் கஞ்சிக் கடை டிவியில் பார்த்தோம். அவள் வாயசைவைப் பார்த்து மகள் "அக்கா என்னம்மா சொல்றாங்க?" என்றாள். "கமா" என்றேன்.

கெட்ட வார்த்தை காதில் விழுந்தால் பேய்கள் ஓடிவிடும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. நான் படித்தவள், அதுவரை அதை நம்பியதில்லை. தாய்மார்களுக்கு மரியாதை தேடிக்கொண்டு இத்தனை வருடமாக அந்த அறையில் குடியிருந்தது எது என்பதும் அதுவரை எனக்குத் தெரியாமல்தான் இருந்தது.